பேய்ப் பாட்டுக்கு வந்த சாமி

போன வாரம் ஷர்மிளாவிடமிருந்து கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. ஈப்போவில் நான் இருபத்தேழு வருஷம் குப்பை கொட்டிய பேரங்காடியில், நான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் அவர். கமுந்திங்கிலிருந்து தினமும் வந்து போகிறார். கெட்டிக்காரி.

"அங்கிள், ஹாலோவீன் வருது லா. அந்த வருஷம் ஒரு மேளம் போட்டீங்களே, அந்த ஃபைல் இன்னும் இருக்கா? தலைமையகத்துல கேக்குறாங்க. இந்த வருஷப் பாட்டுல பயமே இல்லையாம்."

ஃபைல் என்னிடம் இருக்கிறது. அதைக் கேட்டுப் பயந்தவர்களின் பட்டியலும் இருக்கிறது. அதில் முதல் பெயர் என்னுடையது. ஷர்மிளாவுக்கு ஒரே வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் ஓய்வு பெற்ற மனுஷனிடம் ஒரு வரியில் பதிலை எதிர்பார்த்தது அவருடைய தவறு. அதனால் இதை எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்று என் மனைவியே அக்கம்பக்கத்தில் சரியாகச் சொன்னதில்லை. சம்பளச் சீட்டில் ஒலி தொழில்நுட்பர் என்று இருக்கும். பேரங்காடியில் எல்லோருக்கும் நான் ரேடியோ அண்ணே. அதற்கு முன்பு சிம்பாங் பூலாயில் ஒரு மைக்செட் கடையில் நான்கு வருஷம் வயர் சுற்றினேன். கல்யாணம், கருமாதி, தேர்தல் மூன்றுக்கும் ஒரே ஒலிபெருக்கிதான் என்ற ஞானத்தை அங்கேதான் பெற்றேன். என் படிப்பு அவ்வளவுதான். பிறகு பேரங்காடி திறந்தார்கள், மூன்றாம் மாடியில் லிஃப்ட் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஒரு அறையைக் கொடுத்தார்கள், உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

பேரங்காடியின் இசை யாரும் கேட்டுவிடக் கூடாத இசை. கேட்டால் நின்றுவிடுவார்கள், நின்றால் வாங்க மாட்டார்கள். காலையில் மெதுவான பியானோ, மதியம் கொஞ்சம் துள்ளல், மூடுவதற்கு அரைமணி முன்பு ஆட்களை வீட்டுக்கு விரட்டும் ஒரு சோக வயலின். இதற்கு மேல் பண்டிகைகள் வேறு. சீனப் புத்தாண்டுக்கு ஒரு மாதம் டோங் டோங் சாங். நோன்புப் பெருநாளுக்கு ஒரு மாதம். கிறிஸ்துமஸ் மணியை நவம்பர் பாதியிலேயே ஆட்டத் தொடங்கிவிடுவார்கள். தீபாவளிக்கு ஒன்பது நாள். ஏன் ஒன்பது என்று ஒருமுறை கேட்டேன். எட்டு என்றால் குறைவாகத் தெரியுமாம், பத்து என்றால் அதிகமாம். அந்த ஒன்பது நாளும் கோலாலம்பூரில் யாரோ பதிவு செய்து அனுப்பிய ஒரு பெண்குரல், மணிக்கு நான்கு தடவை 'தீபாவளி நல்வால்த்துகல்' என்று சொல்லும். எத்தனையோ வருஷம் முயன்றும் அந்த வாலை என்னால் நறுக்க முடியவில்லை. தலைமையகம் அனுப்பியதைத் தொடக் கூடாது என்பது விதி.

விதி என்றால் மிஸ்டர் பரராஜசிங்கம். நிர்வாக மேலாளர். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். அப்பா ரயில்வேயில் தலைமைக் கிளார்க், அண்ணன் டாக்டர், அக்கா தலைமையாசிரியை. இவர் மட்டும் எங்கோ கால் வழுக்கிப் பேரங்காடியில் விழுந்துவிட்டார் என்பது அவர் எஸ்கலேட்டரில் நிற்கும் விதத்திலேயே தெரியும். எல்லோரும் அவரை மிஸ்டர் சிங்கம் என்போம். பெயர்தான் சிங்கம், கர்ஜித்து யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். வெள்ளைக் கைக்குட்டையை நான்காக மடித்து இடது கண்ணாடியை முதலில் துடைப்பார். வலது கண்ணாடிக்கு வருவதற்குள் எதிரே நிற்பவன் செய்த தப்பையும் செய்யாத தப்பையும் சேர்த்து ஒப்புக்கொண்டிருப்பான். கூட்டங்களில் ஆங்கிலம்தான். என்னோடு தனியாக இருந்தால் மட்டும் தமிழ், அதுவும் கதவைச் சாத்திய பிறகு.

சட்டைப் பையில் சத்தத்தை அளக்கும் சிறு கருவி ஒன்று வைத்திருப்பார். கீழ்த்தளத்தில் நின்று அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "குணா, ரெண்டு கூட" என்று வாக்கி டாக்கியில் சொல்வார். நான் இரண்டைக் குறைப்பேன். அறிவிப்பு செய்வதற்கும் அவர் எழுதிக் கொடுத்த முறை என் மேஜைக்கு எதிரே சுவரில் ஒட்டியிருந்தது. ஐந்து எண்ணுவதற்குள் இசையை மெதுவாக இறக்கு. மணியை அழுத்து. ஒரு மூச்சு விடு. மலாய், பிறகு ஆங்கிலம், பிறகு மாண்டரின் பதிவு. மறுபடி மணி. ஐந்து எண்ணி இசையை ஏற்று. தீப்பிடித்தால் தீ என்று சொல்லக் கூடாது. 'மிஸ்டர் மேரா கீழ்த்தளம் வரவும்' என்று சொல்ல வேண்டும். மேரா என்றால் மலாயில் சிவப்பு. திருடனுக்குப் பிரு, அதாவது நீலம். மயங்கி விழுந்தால் மஞ்சள். இப்படி எல்லா ஆபத்துக்கும் ஒரு நிறம் இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பதிவேடு. எந்த இசை ஓடினாலும், அது என்ன, யார் போடச் சொன்னார்கள் என்று எழுதி, சொன்னவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே ஓட விட வேண்டும். மிஸ்டர் சிங்கத்தின் கையெழுத்து பச்சை மையில் இருக்கும். "கையெழுத்து இல்லாமல் ஒரு செக்கனும் ஓடக் கூடாது, விளங்குதா?" என்பார்.

நான் ஒரே ஒருமுறை விதியை மீறியிருந்தேன். தாப்பாவிலிருந்து பேரனைப் பார்க்க வந்த ஒரு பெரியவர் கூட்டத்தில் வழி தவறிவிட்டார். குடும்பம் தகவல் மேடையில் நின்று அழுகிறது. மலாயிலும் ஆங்கிலத்திலும் மூன்று தடவை அறிவித்தேன்; மாண்டரின் பதிவுகூட ஓடியது. அந்த மூன்று மொழியும் அவருக்குத் தெரியாது. நான்காம் தடவை தமிழில் கூப்பிட்டேன்: "தாப்பா பெரியவரே, எங்க இருந்தாலும் அங்கேயே நில்லுங்க, ஆள் வாராங்க." இரண்டாம் மாடியில் ஒருவர் சட்டென்று நின்றார். கிடைத்துவிட்டார். மறுநாள் எனக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அனுமதி இல்லாத மொழியில் அறிவிப்பு செய்ததற்காக. கொண்டுவந்து கொடுத்தவர் மிஸ்டர் சிங்கம்தான். கையெழுத்து வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். "நல்லாத்தான் கதைச்சீர்" என்றார். பிறகு கதவைத் திறந்து, ஆங்கிலத்துக்குத் திரும்பிவிட்டார்.

இப்படி நிம்மதியாக ஓடிய காலத்தில்தான் ஹாலோவீன் வந்து சேர்ந்தது. விளம்பரப் பிரிவுக்குக் கோலாலம்பூரிலிருந்து வந்த மிஸ் லிம், அக்டோபர் மாதம் சும்மா கிடக்கிறது என்று கண்டுபிடித்தார். சும்மா கிடக்கிற மாதத்தைப் பேய்க்குக் கொடுத்தார்கள். தீபாவளிக்கு ஒன்பது நாள், பேய்க்கு முப்பத்தொரு நாள். நான் ஓய்வு பெறவிருந்த வருஷம் தீபாவளி நவம்பர் இரண்டாம் வாரம் வந்தது. பேய் இடத்தைக் காலி செய்த பிறகுதான் விளக்கேற்ற முடியும் என்று நாட்காட்டியில் தெளிவாகக் குறித்தே கொடுத்துவிட்டார்கள்.

மிஸ் லிம் ஒரு பென்டிரைவ் கொடுத்தார். உள்ளே ஓநாய் ஊளை, கிறீச்சிடும் கதவு, தேவாலய ஆர்கன், ஒரு சூனியக்காரியின் சிரிப்பு, இதற்கு நடுவே எலும்புகள் நடனமாடும் பாட்டுகள். எண்ணெய் போடாத கதவைக் கேட்டு எங்கள் பேரா மாநிலத்தில் யார் பயப்படுவார்கள்? எங்கள் அறைக் கதவே பல வருஷமாக அப்படித்தான் பாடிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்தில் மேடை போட்டு, ஸ்டைரோஃபோம் கல்லறை கட்டி, கையில் நீண்ட அரிவாளோடு கறுப்பு அங்கி போட்ட எலும்புக்கூடு ஒன்றை நிறுத்தி, சுற்றிலும் நிஜப் பூசணிக்காய்களை அடுக்கினார்கள். வந்த பெண்கள் பூசணிக்காயைத் தட்டிப் பார்த்து, பாதியாக வெட்டிக் கொடுப்பீர்களா என்று கேட்டார்கள். குழந்தைகள் எலும்புக்கூட்டின் கையைக் குலுக்கினார்கள்.

மிஸ் லிம் என் அறைக்கு வந்தார். "அங்கிள், தக் சுக்கூப் செராம் லா" என்றார். பயம் பத்தவில்லையாம். பார்க்கிங் கட்டணம் ஏறப்போகிறது என்று மணிக்கொரு தடவை அறிவிக்கலாமே என்றேன். அவர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். உள்ளூர்ச் சரக்காக ஏதாவது வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மிஸ்டர் சிங்கம் வந்து கதவைச் சாத்தினார்.

"குணா, உம்மட ஆக்கள் கோயில்ல அடிக்கிற மேளம் ஒண்டு இருக்கே, உர்ர் எண்டு உறுமுறது. சின்ன வயசில அதைக் கேட்டா எனக்குக் காய்ச்சல் வரும். அதை ஒருக்கா மிஸ் லிம்முக்குப் போட்டுக் காட்டுமன்."

உறுமி மேளத்தைச் சொல்கிறார். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது வயிற்றுக்குள்ளிருந்து வருகிற ஓசை. 'உம்மட ஆக்கள்' என்றால் தோட்டத்து ஆட்கள். என் அப்பா தாப்பா பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். கம்பெனி தோட்டத்தை விற்று அங்கே வீடுகள் கட்டியபோது ஆட்களோடு சேர்ந்து முனியாண்டி சாமியும் லாரியில் ஏறி ஈப்போவுக்கு, புந்தோங்குக்கு வந்து சேர்ந்தார். மிஸ்டர் சிங்கத்தின் ஆட்களுக்குக் கந்தசாமியும் தேவாரமும். எங்கள் ஆட்களுக்கு அரிவாளும் சுருட்டும். ஒரே சமயம், ஒரே ஊர், நடுவில் சாத்திய கதவு ஒன்று.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததா? பெருமை வந்தது. வெட்கக்கேடு, அதைச் சொல்லத்தான் வேண்டும். இத்தனை வருஷத்தில் நம் இசையை ஒன்பது நாளுக்கு மேல் யாரும் கேட்டதில்லையே, கேட்கிறார்களே என்று உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டேன்.

புந்தோங் கோயில் திருவிழாவுக்கு ஒலி அமைப்பது நான்தான். அந்தப் பதிவு என் கணினியில் இருந்தது. சாமி அழைக்கிற அடியை எடுத்தேன். பேய் மேடையில் சாமி பெயர் வரக் கூடாது என்ற அளவுக்கு எனக்கும் பக்தி உண்டு. பாட்டில் முனியாண்டி பெயர் வந்த இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாக வெட்டினேன். சாமியைப் புகழ்ந்து பாடும் வருணிப்பை வெட்டினேன். சுருதியைக் கீழே இறக்கி, குகைக்குள் அடிப்பதுபோல எதிரொலி சேர்த்தேன். கடைசியில் சாமியை மலையேற்றி அனுப்புகிற அடி நான்கு நிமிஷம் வரும். அது சாந்தமாக இருக்கும், பேய்க்குப் பொருந்தாது என்று அதையும் வெட்டி, முடிவை ஆரம்பத்தோடு ஒட்டினேன். மேளம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். பெயரை எடுத்துவிட்டால் வெறும் மேளம்தானே என்று நினைத்தேன். பெயர் பாட்டுக்காரருக்குத்தான், சாமிக்கு அடி போதும் என்பது கோயிலில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். அன்றைக்குத் தொழில் முன்னால் நின்றது.

மிஸ் லிம்முக்கு மயிர்க்கூச்செறிந்தது. "செராம்! செராம்!" என்று கையைத் தேய்த்துக் காட்டினார். பதிவேட்டில் 'உள்ளூர்ப் பயங்கர மேளம்' என்று எழுதினேன். போடச் சொன்னவர் என்ற இடத்தில் மிஸ்டர் சிங்கம் பச்சையில் கையெழுத்திட்டார். தினமும் மதியம் மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் என்று முடிவாயிற்று.

இந்த இடத்தில் பாக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழ்த்தளத்தைத் துடைக்கிற குத்தகைத் தொழிலாளி. ஐம்பதைத் தாண்டியவர், புந்தோங்கில் என் வீட்டுக்கு இரண்டு வரிசை தள்ளி அடுக்குமாடியில் இருக்கிறார். கணவர் இல்லை. மகள் கல்லூரியில் கடைசி வருஷம். அந்த வீட்டில் அடுப்பு எரிவது பாக்கியத்தின் துடைப்பத்தால்தான். துப்புரவாளர்கள் வாடிக்கையாளர் பெஞ்சில் உட்காரக் கூடாது என்று ஒரு விதி. அவர்களுக்கென்று கீழே பம்ப் அறையில் ஒரு மூலை உண்டு. அங்கே போய் வருவதற்குள் ஓய்வு நேரம் தீர்ந்துவிடும். ஒருநாள் கால் வீங்கி, நீரூற்றுப் பக்கத்துப் பெஞ்சில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்ததற்காக அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். இன்னொரு புகார் வந்தால் குத்தகைக்காரர் வேலை அட்டையைப் பிடுங்கிக்கொள்வார். அட்டை போனால் வேலை போனது.

வருஷா வருஷம் அந்த அடி விழுந்ததும் புந்தோங் கோயிலில் முதலில் அருள் வருவது பாக்கியத்துக்குத்தான். இதுவும் எனக்குத் தெரியும். அவருக்குக் காலை வேலை, மூன்று மணிக்கு வீட்டில் இருப்பார் என்பது மட்டுமே என் காப்பு. அந்த வாரச் சனிக்கிழமை மாலை வேலைக்கு வர வேண்டிய ஒருத்தி வரவில்லை என்று அவரை மாலைக்கும் நிறுத்திவிட்டார்கள். அது எனக்குத் தெரியாது.

மூன்று மணிக்கு ஐந்து எண்ணி மேளத்தை ஏற்றினேன். மூன்று ஐந்துக்கு வாக்கி டாக்கி அலறியது. கீழ்த்தளக் காவலர் நேப்பாளத்துக்காரர். எந்த நிறத்தைச் சொல்வது என்று தெரியாமல் "மேரா... பிரு... மேரா..." என்று தடுமாறிவிட்டு, கடைசியில் தன் மொழிக்கே போய்விட்டார்: "தேவ்தா! தேவ்தா!" எல்லா ஆபத்துக்கும் நிறம் வைத்தவர்கள் இதற்கு வைக்க மறந்துவிட்டார்கள்.

வெளியே ஓடி மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தேன். பேய் மேடையின் நடுவில் பாக்கியம். தலைமுடி அவிழ்ந்து, நாக்கைக் கடித்து, ஒரு காலை முன்னே வைத்து நிற்கிறார். எலும்புக்கூடு தரையில் கிடக்கிறது. அதன் அரிவாள் பாக்கியம் கையில். பிளாஸ்டிக் அரிவாள்தான், ஆனால் பிடித்த பிடி பிளாஸ்டிக் இல்லை. கல்லறை இரண்டாக உடைந்து, பூசணிக்காய் மூன்று சிதறிக் கிடந்தன. சுற்றி நின்றவர்கள் கைதட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நிகழ்ச்சி என்று நினைத்துவிட்டார்கள், பாவம். நம் ஆட்கள் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். செருப்புக்கடைச் சீனத்து அங்கிள் 'புகைபிடிக்காதீர்' பலகைக்கு நேர் கீழே நின்று ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, இரண்டு கையாலும் நீட்டி, "டத்தோ, நொம்போர்?" என்று சாமியிடம் பணிவாக லாட்டரி நம்பர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"குணா! ஆஃப்! மியூசிக் ஆஃப்!" மிஸ்டர் சிங்கத்தின் குரல். அவர் கத்தி அன்றுதான் கேட்டேன்.

ஓடிப்போய் அணைத்தேன். ஐந்து எண்ணவில்லை. கட்டிடம் முழுக்க ஒரே அமைதி. அந்த அமைதியில் பாக்கியத்தின் குரல், பாக்கியத்தின் குரல் இல்லை அது, கீழ்த்தளத்திலிருந்து மூன்று மாடி ஏறி என் அறைக்கே வந்தது.

"கூப்புட்டீல்ல? கூப்புட்டுட்டு ஏன்டா நிக்க வச்சிருக்கே?"

என்னைத்தான் கேட்டது. சத்தியமாக என்னைத்தான். அழைத்துவிட்டு, அனுப்புகிற அடியை வெட்டிக் குப்பையில் போட்டவன் நான். மேளம் நின்றால் சாமி போய்விடாது, மலையேற்றினால்தான் போகும். அதுவரை அந்த உடம்பு தாங்க வேண்டும். பாக்கியத்துக்கு ஏற்கெனவே காலில் வீக்கம், ரத்த அழுத்தம் வேறு. கணினியில் தேடினேன். வெட்டிப் போட்ட துண்டு குப்பைப் பகுதியில் இருந்தது. நல்லவேளை, எதையும் முழுசாக அழிக்காத சோம்பேறி நான். அதைப் போட்டேன். எதிரொலி இல்லை, குகை இல்லை, நம் கோயிலில் அடித்த அதே அடி. மணியை அழுத்தாமல், மூச்சு விடாமல், ஒலிவாங்கியைத் திறந்து இரண்டாம் தடவையாக அனுமதி இல்லாத மொழியில் அறிவிப்பு செய்தேன்.

"தப்பு என்னோடது சாமி. மன்னிச்சு மலையேறுங்க சாமி."

கார் நிறுத்துமிடம், கழிவறை, லிஃப்ட், எல்லா ஒலிபெருக்கியிலும் போயிருக்கும். மறுபடி ஓடி எட்டிப் பார்த்தேன். பாக்கியத்தின் ஆட்டம் மெதுவாகத் தணிந்தது. அரிவாள் கீழே இறங்கியது. ஆனால் கண் மட்டும் திறந்தே இருந்தது. திருநீறு வேண்டும். நாலு மாடிப் பேரங்காடியில் நாற்பது வகை முகப்பவுடர் கிடைக்கும், ஒரு சிட்டிகை திருநீறு கிடைக்காது.

அப்போது மிஸ்டர் சிங்கம் மேடை ஏறினார். காலணியைக் கழற்றிவிட்டு ஏறினார். காற்சட்டைப் பின்பையிலிருந்து பணப்பையை எடுத்து, அதற்குள்ளிருந்து மடித்த ஒரு சின்னக் காகிதத்தைப் பிரித்தார். பாக்கியத்தின் நெற்றியில் மூன்று விரலால் பூசி, "போதும், போட்டு வாரும்" என்று விடைகொடுத்துக் கைகூப்பினார். எங்கள் ஆட்களின் சாமியிடம் பேசும்போதும் அவர் தமிழ் மாறவில்லை. பாக்கியம் அப்படியே அவர் தோளில் சாய்ந்தார். அந்த வெள்ளைக் கைக்குட்டையால் அவர்தான் முகத்தைத் துடைத்துவிட்டார்.

இது சனிக்கிழமை. திங்கட்கிழமை எல்லோரும் மனிதர்களாகிவிட்டோம்.

காலைக் கூட்டத்தில் மிஸ் லிம், மிஸ்டர் சிங்கம், நான். படம் ஊரெல்லாம் சுற்றியதில் முதலில் மகிழ்ந்த மிஸ் லிம், தலைமையகம் விளக்கம் கேட்டதும் வெளிறிப்போயிருந்தார். கெட்ட மனசுக்காரர் இல்லை. யாராவது ஒருவர் பெயரை எழுதி அனுப்ப வேண்டிய கட்டாயம். குத்தகைக்காரர் பாக்கியத்தின் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். மேஜைமேல் காப்பீட்டுப் படிவம். சேதத்துக்குக் காரணம் என்று கேட்டு நான்கு கட்டம்: இயந்திரக் கோளாறு, மனிதத் தவறு, வேண்டுமென்றே செய்த நாசம், கடைசியாக 'ஆக்ட் ஆஃப் காட்'. வெள்ளம், இடி, மண்சரிவு மாதிரி யார் மேலும் பழி போட முடியாததற்கு அந்தக் கட்டம். கடவுள் செயல்.

மிஸ் லிம் மனிதத் தவறு என்ற கட்டத்தில் விரலை வைத்தார். பக்கத்தில் பெயரும் வேலை எண்ணும் எழுத இடம் இருந்தது. "கிளீனர் தானே?" என்றார் மெதுவாக.

இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். எனக்கு ஓய்வுக்கு இன்னும் ஏழு வாரம். ஒரு கேக், ஒரு சுவர்க்கடிகாரம், நான்கு பேர் கைதட்டல். அந்தக் கடிகாரத்துக்காக ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பாக்கியத்தின் வீட்டு அடுப்பு கண்முன் வந்த பிறகுதான் பதிவேட்டைத் திறந்து மேஜையில் வைத்தேன்.

"என் பேரை எழுதுங்க சார். நான்தான் வெட்டி ஒட்டினது. அவங்களுக்கு இந்த அடிக்கு அருள் வரும்னு எனக்குத் தெரியும்."

பதிவேட்டில் என் எழுத்துக்குப் பக்கத்திலேயே பச்சைக் கையெழுத்து. மிஸ் லிம் அதைப் பார்த்தார். மிஸ்டர் சிங்கமும் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இடது கண்ணாடி. வலது கண்ணாடி. மறுபடி இடது. இந்தத் தடவை ஒப்புக்கொள்ள வேண்டிய ஆள் எதிரே இல்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். மிஸ் லிம் உள்ளே இருக்கும்போதே தமிழில் கேட்டார்.

"குணா, அண்டைக்கு வந்தது ஆர்?"

"முனியாண்டி சார்."

"உம்மட ஆக்களுக்கு அவர் காவல் தெய்வம்தானே?"

"தெய்வம்தான் சார்."

"தெய்வமெண்டா எல்லாருக்கும் தெய்வம்தான்" என்று சொல்லி, பச்சைப் பேனாவைத் திறந்து, நான்காவது கட்டத்தில் சரி போட்டார். பெயர் எழுதும் இடத்தில் நேராக ஒரு கோடு இழுத்தார். மிஸ் லிம்மிடம் ஆங்கிலத்தில், "இது மதம் சம்பந்தப்பட்டது; நிர்வாகக் குறிப்பு நான் எழுதுகிறேன்" என்றார். நம் நாட்டில் மதம் என்ற சொல்லைக் கேட்ட பிறகு எந்தத் தலைமையகமும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. கேட்கவும் இல்லை.

அன்று மாலையே அட்டை திரும்பி வந்தது. நானே கீழே போய்ப் பாக்கியத்தைப் பார்த்தேன். துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"பாக்கியம், நான் செஞ்சது ரொம்பத் தப்பும்மா. சாமியப் பேயாக்கிட்டேன்" என்றேன்.

"தெரியும்ணே. நம்ம கோயில் அடிய எந்தக் குகைக்குள்ள வச்சு அடிச்சாலும் எனக்குத் தெரியாதா?" என்றார். "சாமி ஒன்னும் நெனைக்காது. ஆனா இன்னொரு வாட்டி கூப்புட்டா, உக்கார ஒரு எடம் போட்டுட்டு கூப்புடுங்க. காலு சுசாவா இருக்கு, வலி தாங்கல."

சாமிக்கு இடம் கேட்டாரா, தனக்குக் கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே கால்தானே.

ஷர்மிளாவுக்கு இப்படிப் பதில் அனுப்பினேன்: "ஃபைல் இருக்கிறது. கீழ்த்தளத்தில் துப்புரவாளர்கள் உட்கார ஒரு பெஞ்சு போடச் சொல்லுங்கள். போட்டதும் அனுப்புகிறேன்." நடக்காது என்ற தைரியத்தில்தான் அனுப்பினேன். எச்சரிக்கைக் கடிதத்துக்குக் காகிதம் கிடைக்கும், பெஞ்சுக்கு மரம் கிடைக்காது என்று எனக்குத் தெரியாதா?

நேற்று ஷர்மிளா ஒரு படம் அனுப்பியிருந்தார். நீரூற்றுப் பக்கத்தில் புதிதாக ஒரு பெஞ்சு. பேயின் அவசரம் எதையும் செய்ய வைக்கும் போலிருக்கிறது. அதில் பாக்கியம் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். தலைக்கு மேலே அதே எலும்புக்கூடு. இந்த வருஷம் அதன் கையில் அரிவாள் இல்லை, எடுத்துவிட்டார்கள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. ஃபைலை அனுப்பிவிட்டேன். நான்கு நிமிஷம்தான் ஓடும். எதிரொலி இல்லை, சுற்றாது, பயமும் இருக்காது. அன்று நான் வெட்டிப்போட்ட மலையேற்றும் அடி. கூடவே ஒரு வரி எழுதினேன்: "அக்டோபர் கடைசி நாள் மூடுவதற்கு முன்னால் போடுங்கள். வந்தவர்கள் எல்லோரும் நல்லபடியாக வீடு போய்ச் சேரட்டும்."